சூரியன் எறங்கறதுக்குள்ள ஒரு வாய் கம்பஞ்சோறு

சிங்கவரத்து ஆதிநாதன் நயினாரு ஒக்காந்து பாத்தேன்னு சொல்ல ஊருல ஒரு சாட்சி கெடையாது. கட்டின பொண்டாட்டி ராஜமதியையே கேட்டுப் பாருங்க. "கல்யாணம் ஆயி பதினெட்டு வருசம் ஆவுது. அவரு மொகத்தவிட முதுகத்தான் நான் நெறைய பாத்திருக்கேன். அதுவும் வாசப்படி தாண்டறப்போ" அப்டின்னு சொல்லும். மணவறையில அரை மணி நேரம் ஒக்காருப்பான்னு சொன்னதுக்கு, பந்தக்காலு நேரா நிக்குதான்னு நாலு தடவ எழுந்து போயி ஆட்டிப் பாத்தாராம். நாலாவது ஆட்டுல பந்தலு சாஞ்சி, தாலி கட்டறப்போ மாப்ளைக்கும் பொண்ணுக்கும் கொடையா நாலு பேரு பாயத் தூக்கிப் புடிச்சிகினு நின்னாங்களாம்.

சாப்புடும்போதாவது ஒக்காருவாரான்னா, அதுவும் கெடையாது. தட்டக் கையில எடுத்துகினு மாட்டுக்கொட்டாய ஒரு சுத்து சுத்தி வருவாரு. வர்றதுக்குள்ள தட்டு காலி. முடி வெட்டறவரு கூடவே நடந்து நடந்து வெட்டினதுல, நயினாரு தலையில வலப்பக்கம் ஒரு மாதிரியும் எடப்பக்கம் ஒரு மாதிரியும் இருக்கும். ரெண்டு பக்கமும் பாத்தா ரெண்டு ஆளு வந்துட்டு போன மாதிரி தோணும்.

ஆளு அம்மாம் ஒல்லி. கொடைக்கம்பிக்கு வேட்டி கட்டி வுட்ட மாதிரி இருப்பாரு. அதுக்கு நடை மட்டும் காரணம் இல்ல. சமணக் குடும்பம். பொழுது போயிட்டா வாயில எதுவும் படக்கூடாது. எல்லா சமண வூட்டுலயும் இருக்குற வழக்கம்தான் அது. ஆனா நயினாரு அதுக்கு மேல ஒரு முடிச்சி போட்டு வெச்சிருந்தாரு. சூரியன் கண்ணுல படணும், அப்பதான் வாயில சோறு. மரத்துக்குப் பின்னால இருந்தாலும் சரி, மேகத்துக்குப் பின்னால இருந்தாலும் சரி, பாக்காம சாப்புட மாட்டாரு. ஐப்பசி மழை மூணு நாளு மூடிகினா, மனுசன் மூணு நாளும் வானத்தப் பாத்து வாயத் தொறந்துகினு நிப்பாரு. அப்டி நின்னப்போ நாலு சொட்டு மழை உள்ள போயிட, உள்ள பூச்சி இருக்குமே, வடிகட்டாத தண்ணியக் குடிச்சிட்டீங்களேன்னு ராஜமதி சண்டைக்கு வந்துதுன்னு மீனம்பா ஒரு கதை சொல்லும். அது கட்டின கதையோ நடந்த கதையோ, மீனம்பாளுக்கே தெரியாது.

மீனம்பா யாருன்னா, ஊரையொட்டி தீர்த்தங்கரருங்கள பாறையில செதுக்கின திருநாதர் குன்று இருக்குதே, அதோட அடிவாரத்து பள்ளிக்கூடத்துல மதிய சோறு ஆக்கற பொம்பள. வாயும் பெருசு, கரண்டியும் பெருசு. பள்ளிக்கூடம்னா ஒரு கொட்டாயி, ஒரு கொடிக்கம்பம், ஒரு வாத்தியாரு, நாப்பத்திரெண்டு புள்ளைங்க. வாத்தியாரு பேரு ராமகிருஷ்ணன். மூணாங்கிளாசுக்குக் கணக்கு சொல்லிகினே அஞ்சாங்கிளாசுக்காரன் காதத் திருகற வித்தை தெரிஞ்சவரு.

சோத்துக்கு வேண்டிய அரிசியும் கம்பும் பயறும் யூனியன் ஆபீசு வாங்கித் தரும். எங்க வாங்கும்? செஞ்சி பஜாருல ராஜகோபாலு மண்டியில மொத்தமா வாங்கி, மாட்டுவண்டியில ஏத்தி அனுப்பும். ராஜகோபாலு நல்ல மனுசன்தான். அவரு கொடோனுதான் நல்லதில்ல. அங்க ஒரு வருசம் தூங்கின மூட்டயப் பிரிச்சா, அரிசி தானா நடந்து வந்து ஒலையில எறங்கும். அந்த அளவுக்கு வண்டு.

அறுபத்திமூணாம் வருசம் ஆடி மாசம்னு நெனைக்கிறேன், நயினாரு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பரங்கிக்கா குடுக்கப் போனாரு. மீனம்பா மொறத்துல அரிசியப் பொடைச்சி, வண்டக் கூட்டி அடுப்புல தட்டிகினு இருந்துது. அடுப்புல பட்டுபட்டுனு வெடிக்குது. நயினாருக்கு தன் தலையில வெடிச்ச மாதிரி ஆயிடுச்சி.

"அடியே மீனம்பா! உசுரும்மா அது, உசுரு!"

"அதுக்கு உசுரு, இங்க ஒக்காந்திருக்குற நாப்பத்திரெண்டுக்கும் இன்னா, உமியா வெச்சி தெச்சிருக்குது? அம்மாம் பாசம் இருந்தா நீங்களே வந்து பொறுக்குங்க நயினாரே."

சும்மா வாய்க்கு சொன்னதுதான். மறுநாள் காலையில பத்து மணிக்கு நயினாரு வந்து நின்னாரு, கையில கொட்டாங்குச்சியோட. அன்னையிலருந்து தெனமும் மொறத்தக் கையில எடுத்துகினு பள்ளிக்கூடத்த சுத்தி சுத்தி நடந்துகினே வண்டு பொறுக்குவாரு. பொறுக்கினத கொட்டாங்குச்சியில போட்டு ஏரிக்கரைக்கு எடுத்துகினு போயி, எறங்குங்க சாமின்னு வுட்டுட்டு வருவாரு. ரெண்டு மாசத்துல ஏரிக்கரையில வண்டு ஜனத்தொகை மெட்ராஸப் புடிச்சிடுச்சின்னு ஊரு பேசிக்கிச்சி. வண்டு வக்கீலுன்னு பேரும் வெச்சிட்டாங்க.

ஆனா ஒண்ணு. வண்டுக்குன்னு போனவரு கண்ணுல புள்ளைங்க பட ஆரம்பிச்சாங்க. மத்தியானத்துல பந்தி நடுவுல நடப்பாரில்ல, அப்போ பாப்பாரு. ஜானகின்னு ஒரு பொண்ணு, கூலிக்குக் களை வெட்டற ஜெயத்தோட மவ, ஒம்போது வயசு. அது எடக்கையால தட்டுல வண்டு பொறுக்கும், வலக்கையால சாப்புடும். ரெண்டு கையும் ஒண்ணோட ஒண்ணு மோதாம வேலை செய்யும். மிஷினு தோத்துது போ. எழுத்தும் அப்டித்தான். வாத்தியாரு பலகையில எழுதறதுக்குள்ள இது பலப்பத்த கீழ வெச்சிடும்.

ஒரு திங்கக்கெழமை அந்தப் பொண்ணு வரல. செவ்வாய்க்கெழமையும் வரல. நயினாரு கால வெச்சிகினு சும்மா இருப்பாரா? மல்லாட்டக் கொல்லையில, அதான் வேர்க்கடலக் கொல்லையில, களை வெட்டிகினு இருந்த ஜெயத்துக்கிட்ட போயி நின்னாரு. ஆத்தாளும் மவளும் பக்கத்து பக்கத்து சாலுல குனிஞ்சிகினு இருக்குறாங்க.

"இன்னா ஜெயம், பொண்ண ஏன் பள்ளிக்கூடம் அனுப்பல?"

"சோறு கெடைக்குதுன்னுதான் அனுப்பினேன் நயினாரே. அந்த சோத்தத் துன்னுட்டு ராவெல்லாம் வயித்தப் புடிச்சிகினு உருளுது. இங்க வந்தா நாலணா கூலியாவது வருது. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நயினாரு வந்த வழியே நடந்தாரு. பள்ளிக்கூடத்துக்கு வந்தா வாத்தியாரு பேரு கூப்புட்டுகினு இருக்குறாரு. நாப்பத்திரெண்டு முப்பத்தொண்ணு ஆயிருந்துது. தை பொறந்தப்போ இருவத்திநாலு. போனதுல முக்காவாசி பொட்டப் புள்ளைங்க.

"இருவதுக்குக் கீழ போனா பள்ளிக்கூடத்தயே மூடிடுவாங்க நயினாரே" வாத்தியாரு சொன்னாரு. "என்ன எங்கியாவது மாத்திடுவாங்க. நான் போயி சேந்துடுவேன். இந்தப் புள்ளைங்க எங்க போவும்?"

அன்னிக்கு ராத்திரி நயினாரு நடந்த நடையில மாட்டுக்கொட்டாயி மண்ணு முழங்கால் ஆழத்துக்கு பள்ளமாயிடுச்சி. விடியறப்போ அவருக்கு ஒண்ணு தட்டுப்பட்டுது. அதே ஊருல அவரு குதுருலயும் இன்னும் பதினேழு குடியானவங்க குதுருலயும் கம்பும் பச்சப்பயறும் இருக்குது. அறுத்ததும் வண்டி கட்டி செஞ்சிக்குப் போயி, மண்டியில சொன்ன வெலைக்குப் போட்டுட்டு, மிச்சத்த வூட்டுல வெச்சிருக்குறாங்க. போட்ட சரக்கு அங்க கொடோனுல படுத்து வண்டு வெச்சிகினு, அதே ரோட்டுல திரும்பி அதே ஊரு பள்ளிக்கூடத்துக்கு வருது. இங்கருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பீடி புடிக்கற தூரம்.

"ஏன் ராஜமதி, நம்ப கம்பு செஞ்சிக்குப் போயி சீக்கு வாங்கிகினு வரணுமா? நேரா குன்றடிக்குப் போனா இன்னா?"

"போனா நல்லதுதான். மொதல்ல அடுப்படியில நடக்கறத வுட்டுட்டு, வெளிய போயி நடங்க" ராஜமதி சொல்லுச்சி.

வெளிய நடந்தாரு. யூனியன் ஆபீசுக்கு முப்பத்தொரு நட. ஆபீசு பியூன் இவரு வர்றதப் பாத்தாலே நாற்காலிய எடுத்து உள்ள வெச்சிடுவான், எப்பிடியும் ஒக்கார மாட்டாருன்னு. ஒவ்வொரு மேசையா நின்னு ஒரே கேள்விதான்: சர்க்காரு சோறு போடற ஊருல சர்க்காரே கம்ப வாங்கினா, குடியானவனும் பொழைப்பான், புள்ளையும் பொழைக்கும், நடுவுல வண்டும் சாவாம பொழைச்சிடும், இல்லியா? முப்பத்தொண்ணாவது நடையில அவங்களுக்கே கண்ணக் கட்டிடுச்சி. சரி, ஒரு வருசத்துக்கு அந்தந்த ஊரு சரக்க அந்தந்த ஊருலயே வாங்கிப் பாப்போம்னு ஒரு காயிதம் போட்டாங்க. ஆனா மூணு கட்டுப்பாடு. ஆபீசரு நேருல வந்து மூட்டயப் பாக்கணும். அவரு கண்ணு முன்னாடியே சமைக்கணும். சமைச்சத, சரக்கு குடுக்கறவன் மொத வாய் தானே சாப்புட்டுக் காட்டணும். பதினெட்டு குடியானவங்களுக்கும் சேத்து ஆதிநாதன் நயினாருதான் கையெழுத்து போட்டிருந்தாரு. இதெல்லாம் மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள முடியணும். முடியலன்னா பழையபடி ராஜகோபாலு மண்டிக்கே போயிடும், அடுத்த வருசம் வரைக்கும் பேச்சில்ல.

அடுத்த வருசம்னா பள்ளிக்கூடம் இருக்காது. அது நயினாருக்கு நல்லாத் தெரியும்.

மார்ச்சு முப்பத்தொண்ணு அன்னிக்குதான் ஆபீசரு வர்றதா சேதி. காலையில பதினோரு மணிக்கு. நயினாரு அஞ்சு மணிக்கே குன்றடிக்கு வந்துட்டாரு. மூட்டயெல்லாம் வரிசையா நிக்குது. ராஜமதி ஏழு தடவ துணியில வடிகட்டின தண்ணி ஒரு கொடம் கொண்டாந்து வெச்சிது. மீனம்பா மட்டும் மொணமொணன்னுது.

"வெங்காயம் இல்லாம ஒரு கொழம்பா? எண்ணெய்க்கே அழுவ வரும்."

"நான் சாப்புட்டுக் காட்டணும்மா. மண்ணுக்குள்ள வெளையறது எனக்கு ஆவாது."

"அப்போ மல்லாட்ட? அது இன்னா தென்னமரத்துலயா காய்க்குது?"

"அது பூ மண்ணுக்கு மேல பூத்துதான கீழ எறங்குது. அது கணக்கு வேற."

"ஆமா, வக்கீலுக்குத் தெரியாத சட்டமா" அப்டின்னு அது அடுப்ப ஊதிச்சி.

பதினோரு மணி ஆச்சி. ஆபீசரு வரல. நயினாரு ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தாரு. பன்னெண்டு ஆச்சி. முன்னாடியே ஆக்கின சோறு ஆறிப்போவ, புள்ளைங்க அதச் சாப்புட்டாங்க. இருவத்திநாலு தட்டும் நக்கின நக்குல கழுவ வேண்டிய வேலையே இல்லன்னு மீனம்பா சொல்லுச்சி. ராஜமதி ஒரு தட்டு போட்டு நயினாருகிட்ட நீட்டிச்சி.

"ஒரு வாய் சாப்டுங்க. சூரியன் உச்சியில நிக்குது, நல்லாத்தான் தெரியுது."

"வேணாம். பசியோட இருந்தாதான் ஆபீசரு முன்னாடி ஆசையா சாப்புடற மாதிரி இருக்கும். வயிறு நெறைஞ்சி போயி சாப்புட்டா மொகம் கோணும். அவரு தப்பா நெனைப்பாரு."

இதத்தான் மனுசன் யோசன பண்ணி பண்ணி கண்டுபுடிச்சாரு.

ஒரு மணி. ரெண்டு மணி. நயினாரு நடந்த பாதையில புல்லு செத்துப் போச்சி. மூணு மணிக்கு கொடிக்கம்பத்துல ஏறி ரோட்டப் பாத்தாரு. கொடிக்கம்பம் வளைஞ்சிதே தவிர ஆபீசரு வரல. வாத்தியாரு கைக்கடியாரத்த கழட்டி நயினாருகிட்டயே குடுத்துட்டாரு, "தடவ தடவ கேக்காதீங்க, நீங்களே வெச்சிக்குங்க"ன்னு. நாலு மணிக்கு நயினாரு வயிறு போட்ட சத்தத்துல மூட்ட மேல ஒக்காந்திருந்த காக்கா பறந்து போச்சி.

அஞ்சே காலுக்கு வந்தாரு ஆபீசரு ராமச்சந்திரன். சைக்கிள்ல இல்ல, சைக்கிளத் தள்ளிகினு. அனந்தபுரத்துல வேற ஒரு வேலைய முடிச்சிட்டு வந்த வழியில டயரு ரெண்டு தடவ வெடிச்சிதாம். சட்டயெல்லாம் புழுதி. காலையிலருந்து ஒரு டீயிலதான் வண்டி ஓடுதுன்னு மொகமே சொல்லிச்சி.

"யாருய்யா ஆதிநாதன்?"

"நான்தான் சார், நான்தான். வாங்க, மூட்டய பாருங்க, இந்தாங்க மொறம்."

ஆபீசரு கைய மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் வுட்டாரு. அள்ளினாரு, மோந்தாரு, ஊதினாரு, கடிச்சிப் பாத்தாரு. இன்னொரு மூட்ட. இன்னொண்ணு. ஒரு பூச்சி கெடைக்கல. கண்ணாடியத் தொடைச்சி மறுபடி பாத்தாரு.

"இன்னாய்யா இது, ஒண்ணுமே இல்ல? மருந்து கிருந்து அடிச்சிருக்கியா?"

"மருந்து அடிச்சா அது சாவுமே சார்!" நயினாரு பதறிட்டாரு. "எங்களுக்கு அது வந்தப்பறம் கொல்ல முடியாது. அதனால வராமயே பாத்துக்கணும். ஏழு வெயிலு காய வெக்கறோம். குதுருல நொச்சித்தழை போட்டு, வாயிக்கு சாணிமண்ணு பூசி, காத்து போவாம மூடிடறோம். அதுக்கு உள்ள எடமே இல்லன்னா அது ஏன் சார் பொறக்குது?"

நயினாரு ஒருத்தரு குதுரு மட்டும் இல்ல. மத்த பதினேழு பேருக்கும் இதயே சொல்லி, காய வெச்சாங்களான்னு கூரை மேல ஏறிப் பாத்து, உயிர வாங்கித்தான் அந்த மூட்ட அப்டி இருந்துது. ஆபீசருக்கு அதெல்லாம் எங்க தெரியும். தலைய ஆட்டினாரு. "சரி, சமைங்க."

"மத்தியானமே ஆக்கினோம் சார். புள்ளைங்க சாப்புட்டு..."

"என் கண்ணு முன்னாடி ஆக்கணும். காயிதத்துல அப்டித்தான் இருக்குது."

மீனம்பா மறுபடி அடுப்பப் பத்த வெச்சிது. கம்பஞ்சோறுன்னா சும்மாவா? குத்தின கம்புதான்னாலும் நின்னு வேவணும். நயினாரு அடுப்பப் பாக்கறாரு, வானத்தப் பாக்கறாரு. பள்ளிக்கூடம் இருக்குறது குன்றுக்குக் கெழக்கால. ஊருக்கெல்லாம் பொழுது போறதுக்கு முன்னாடியே அங்க பொழுது போயிடும், சூரியன் குன்றுக்குப் பின்னால எறங்கிடறதால. குன்று நெழலு கொடிக்கம்பத்துகிட்ட வந்துது. நயினாரு வெறவத் தள்ளினாரு. நெழலு மூட்டைங்க மேல ஏறிச்சி. நயினாரு துருத்தி மாதிரி ஊதினாரு, சாம்பல் பறந்து ஆபீசரு தலை நரைச்சிடுச்சி.

"தள்ளி நில்லுங்க நயினாரே! நீங்க சுத்தற சுத்துல அடுப்பே தல சுத்துது!"

"இன்னும் எம்மாம் நேரம் மீனம்பா?"

"கம்புக்கிட்ட கேளுங்க. உங்க கம்புதான."

சோறு பொங்கி, கிண்டி, பயத்தங்கொழம்பு ஒரு கொதி வந்து எறக்கி வெச்சிது. கரண்டிய எடுத்து சோத்துல வெக்கவும், நெழலு அடுப்பத் தாண்டி, பானையத் தாண்டி, நயினாரு காலத் தாண்டி, அப்பால போயிடுச்சி. குன்று உச்சிக்குப் பின்னால சூரியன் முழுகிப் போச்சி.

"சாப்புடு" ஆபீசரு சொன்னாரு, மடியில காயிதத்த வெச்சிகினு.

நயினாரு கைய நீட்டினாரு. மேற்கால பாத்தாரு. கைய இழுத்துக்கினாரு.

"சார்... சூரியன் போயிடுச்சி."

"போவட்டும். நீ சாப்புடு."

"அது கண்ணுல படாம நான் சாப்புடறதில்ல சார். காலையில வெளிச்சம் வந்ததும் ஆக்கி, ஒரு பானைய முழுசா சாப்புட்டுக் காட்டறேன். நீங்க இன்னிக்கு எங்கூட்டுல தங்குங்க."

"காலையில ஏப்ரல் ஒண்ணுய்யா! இன்னியோட தேதி முடிஞ்சிது."

"நான் சாப்புடறேன் சார்" மீனம்பா சொல்லிச்சி. "நான் சாப்புடறேன்" வாத்தியாரும் வந்தாரு. புள்ளைங்க எல்லாம், "நான் சார், நான் சார்"னு கை தூக்கிச்சிங்க. கேள்வி கேட்டா ஒரு நாளும் அப்டி கை தூக்கினது கெடையாது.

ஆபீசருக்குக் கோவம் வந்துடுச்சி. பசி வேற. "சரக்கு குடுக்கறவன் தானே சாப்புடணும்னு போட்டிருக்குது. நீ குடுக்கற சோத்த நீயே துன்ன மாட்டேன்ற. புள்ளைங்களுக்கு மட்டும் போடுவியா? நான் இன்னான்னு எழுதறது? இன்னா இருக்குது இதுல?"

"ஐயோ, ஒண்ணும் இல்ல சார்!"

"ஒண்ணும் இல்லன்னா சாப்புடு."

ராஜமதி கொடத்தப் புடிச்சிகினு புருசன் மொகத்தயே பாத்துகினு நின்னுது. சாப்புடுங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மனுசன் பொறந்ததுலருந்து ஒரு நாளு தப்பல. ஒரு வாயிதான். யாரு கேக்கப் போறாங்க? ஒரு வாயிக்கு ஒரு பள்ளிக்கூடம். வேலியண்ட பாத்தாரு. ஜெயமும் ஜானகியும் களை வெட்டிட்டு வூட்டுக்குப் போற வழியில நின்னு வேடிக்கை பாத்துகினு இருக்குறாங்க. அந்தப் பொண்ணு தோளுல களக்கொட்டு. அதவிட ஒரு சாணு ஒசரம் பெருசா இருக்குது கொட்டு.

ஆபீசரு பேனா மூடியக் கழட்டினாரு.

கை பானைகிட்ட போச்சி. அப்பதான் ஜானகி நயினார வுட்டுட்டு மேல பாக்குறது தெரிஞ்சிது. எத பாக்குதுன்னு இவரும் திரும்பினாரு. குன்று உச்சியில பாறைக்கு மஞ்ச பூசின மாதிரி வெயிலு. கீழதான் நெழலு. மேல இன்னும் பொழுது இருக்குது!

நயினாரு துண்ட எடுத்து பானைய சுத்தினாரு. தூக்கினாரு. அம்மாந்தான். "சார், வாங்க சார்! மேல இருக்குது சார், சூரியன் மேல இருக்குது!"

"ஏய்! சாட்சி இல்லாம சாப்புடாத! எங்கய்யா ஓடற?"

அம்பது வயசுல அந்த மனுசன் ஏறின ஏத்தத்த ஆடு பாத்திருந்தா வெக்கப்பட்டு ஏறறத வுட்டிருக்கும். இம்மாம் வருசம் சும்மா நடந்த கால் இல்ல அது, இதுக்குன்னே பழக்கி வெச்ச மாதிரி பறந்துது. அவருக்குப் பின்னால ஆபீசரு, மூச்சு நாலு ஊருக்குக் கேக்குது. அவருக்குப் பின்னால காயிதத்தத் தூக்கிகினு வாத்தியாரு. அவருக்குப் பின்னால கரண்டியோட மீனம்பா, "கரண்டி இல்லாம எதுல துன்னப் போறீங்க!"ன்னு கத்திகினு. ஒரு கையில கொடமும் ஒரு கையில கொழம்பு சட்டியுமா ராஜமதி. அப்பறம் இருவத்திநாலு புள்ளைங்க. இருவத்தஞ்சி, ஜானகி கொட்ட வேலியில சாத்திட்டு எல்லாரையும் தாண்டி ஓடுது.

பாதி வழியில ஆபீசரு ஒரு பாறையக் கட்டிப் புடிச்சிகினு நின்னுட்டாரு. "என்னால ஆவாது. போதும்."

ஜானகி திரும்பி வந்து அவரு கையப் புடிச்சி இழுத்துது. "வாங்க சார், வாங்க. இன்னும் அம்மாந்தான். நீங்க வரலன்னா அவரு சாப்புட்டது செல்லாது இல்ல?"

மேல போயி சேந்தப்போ, தூரத்துல மலைங்களுக்கு மேல சூரியன் ஒரு நகத்தளவுக்கு ஒட்டிகினு இருந்துது. செவப்பா, இப்ப வுழுமா அப்ப வுழுமான்னு. பாறையில இருவத்திநாலு தீர்த்தங்கரரும் செதுக்கி இருக்குறாங்க இல்ல, அவங்களுக்கு ஒரு கும்புடு போட்டாரு. அப்பால போயி மேற்கப் பாத்தாப்ல, பானைய முன்னாடி வெச்சி, ஒக்காந்தாரு.

ஆமா, ஒக்காந்தாரு. சம்மணம் போட்டு, ஒழுங்கா, பந்தியில ஒக்கார்ற மாதிரி. மீனம்பா கரண்டி கீழ வுழுந்துடுச்சி. வாத்தியாரு கண்ணாடிய தொடைச்சிகினாரு. ராஜமதி சொல்லுச்சி, "அவரு தலைக்கு மேல பாறையில இருக்குறவங்களும் அப்டித்தான ஒக்காந்து இருக்குறாங்க, அவங்களப் பாத்து வந்துதோ இன்னாமோ."

கொதிக்கற சோத்த கையாலயே அள்ளி, சூரியனப் பாத்துகினே, வாயில போட்டாரு. கண்ணுல தண்ணி கொட்டுது.

"இன்னாய்யா, காரமா? கசக்குதா?" ஆபீசரு குனிஞ்சி பாத்தாரு.

"சூடு சார்..." வாயத் தொறந்து தொறந்து மூடினாரு. "சூடு. நல்லா இருக்குது."

முழுங்கினாரு. சூரியனும் முழுகிப் போச்சி. எது மொதல்லன்னு இன்னிக்கு வரைக்கும் ஊருல ரெண்டு கட்சி. ஆனா ஆபீசரு எந்தக் கட்சியும் இல்ல. வாத்தியாரு முதுகு மேல காயிதத்த வெச்சி கையெழுத்து போட்டாரு. எடம்னு இருந்த கட்டத்துல "பள்ளி வளாகம்"னு எழுதி, அத அடிச்சிட்டு, "குன்றின் உச்சி"ன்னு எழுதினாரு. பேனாவ மூடி பையில போட்டுட்டு, பானையவே பாத்துகினு நின்னாரு.

"ஏம்மா," மீனம்பாகிட்ட மெல்ல கேட்டாரு, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

ராஜமதி கொழம்பு சட்டிய நகத்தி வெச்சிது. ஆபீசரு சாப்புட்டாரு, வாத்தியாரு சாப்புட்டாரு, புள்ளைங்க சாப்புட்டாங்க. வெங்காயம் இல்லாத கொழம்பு நல்லா இருக்குதுன்னு ஆபீசரு சொன்னதுல மீனம்பாளுக்கு அந்தாளு மேல இருந்த மரியாதையே போயிடுச்சி. காலையிலருந்து ஒரே ஒரு வாய் சாப்புட்ட மனுசன் நயினாருதான். இருட்டிப் போச்சி, ரெண்டாவது வாய்க்கு வழியில்ல. தன்னோட கம்ப ஊரே துன்றத ஒக்காந்துகினு பாத்தாரு. எறங்கறப்போ முட்டி ரெண்டும் பூட்டிகினு எழுந்துக்க முடியல. ஒக்காந்து பழக்கம் இல்லாத ஆளு, எழுந்துக்கறது எப்பிடின்னு மறந்துட்டாரு. ஆபீசரும் வாத்தியாரும் ஆளுக்கு ஒரு கை குடுத்துதான் தூக்கினாங்க.

அடுத்த வாரம் மூட்டைங்க பள்ளிக்கூடத்துக்கு தலைச்சொமையாவே போச்சி, வண்டி கட்டற தூரமா அது. ஜெயம் ரெண்டு நாளு வந்து ஓரமா நின்னு தட்டுல இன்னா வுழுவுதுன்னு பாத்துட்டு, மூணாவது நாளு மவள வுட்டுட்டு தனியா களைக்குப் போச்சி. எல்லாப் புள்ளையும் வந்துடல. மொத மாசம் இருவத்தொம்போது, ஆடியில முப்பத்தாறு. பெரிய பொண்ணுங்க ரெண்டு மூணு வரவே இல்ல, அவங்களுக்கு நேரம் தாண்டிடுச்சி. ஆனா வாத்தியாரு பொட்டியக் கட்டல.

நயினாரு பழக்கத்துல பத்து மணிக்கு கொட்டாங்குச்சியோட வந்து நின்னாரு. மீனம்பா மொறத்த நீட்டிச்சி. இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, கம்பு ஒண்ணுதான் இருக்குது.

"இன்னா நயினாரே, கட்சிக்காரங்க ஒருத்தரும் வரலியா?"

"வரல மீனம்பா."

"அப்போ வூட்டுக்குப் போயி சித்த ஒக்காருங்களேன்."

"ஒருதடவ ஒக்காந்தேன், முட்டி இன்னும் வலிக்குது" அப்டின்னுட்டு, மொறத்தக் கையில எடுத்துகினு பள்ளிக்கூடத்த சுத்தி நடக்க ஆரம்பிச்சாரு. உள்ள ஜானகி சத்தம் போட்டு வாய்ப்பாடு படிக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் ஜன்னலண்ட மட்டும் நயினாரு நடை கொஞ்சம் மெதுவாச்சி.